முடிச்சுப் போட்ட மூட்டைகள்

கல்யாணத்துக்கு முதல்நாள் காலை ஏழு மணிக்கு, ஒரு கையில் கத்தியும் இன்னொரு கையில் அரிசிக் குண்டானுமாக ஜுமிரா வந்து ருமியாத்தி வீட்டுக் கொல்லை வாசலில் நின்றாள். கத்தியைப் பற்றி யாரும் எதுவும் நினைக்கவில்லை. மெராப்பி எரிமலைப் பக்கத்து ஊரான கெடுங்சாரியில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அவரவர் கத்தியை எடுத்துக்கொண்டுதான் சமையல் வேலைக்கு வருவார்கள். அரிசியைப் பற்றியும் நினைக்க ஒன்றுமில்லை. விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோடு வரும் பெண் அந்த ஊரில் இனிமேல்தான் பிறக்க வேண்டும். வந்தவள் ஜுமிரா என்பதுதான் சங்கடம்.

கொல்லையில் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே முப்பது பெண்கள் பலாப்பிஞ்சு அரிந்துகொண்டும், தேங்காய் துருவிக்கொண்டும், வெங்காயத்துக்கு அழுதுகொண்டும் இருந்தார்கள். ஜுமிராவைப் பார்த்ததும் முப்பது வாயும் ஒரே நேரத்தில் அடைத்துப்போயின. அடைத்த வாய்க்குள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் வைத்திருந்தார்கள்.

அந்த வாக்கியம் ஏழு மாதத்துக்கு முந்தியது. ஜுமிராவின் மகன் விக்யோ மெராப்பி மலையடியிலிருந்து மணல் லாரி ஓட்டுகிறவன். அவனுக்கு ருமியாத்தியின் மகள் ரெத்னோவைக் கேட்டார்கள். பிறந்த கிழமைக்கும், ஐந்து நாளுக்கொரு முறை சுற்றிவரும் சந்தை நாளுக்கும் உள்ள எண்களைக் கூட்டிப் பார்த்ததில் பொருத்தம் சரியில்லை என்று ருமியாத்தி சொல்லி அனுப்பினாள். கூட்டிப் பார்த்தது யார், எங்கே, எப்போது என்று ஜுமிரா கேட்டாள். பதில் வரவில்லை. இரண்டே மாதத்தில் கிளாத்தென் டவுன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு ரெத்னோவை நிச்சயம் செய்ததும், அந்தக் கூட்டல் கணக்கின் லட்சணம் ஊருக்கே தெரிந்துபோனது. அன்றைக்குப் பொதுக் குழாயடியில் பத்துப் பேர் காதில் விழும்படி ஜுமிரா சொன்னாள்: "உன் வீட்டுக் கல்யாணச் சோறு வேகுதான்னு நானும் பாக்குறேன்டி."

வேறு ஊராக இருந்தால் கோபத்தில் வாய் தவறியது என்று விட்டிருப்பார்கள். கெடுங்சாரியில் அப்படி விடமாட்டார்கள். கல்யாண வீட்டில் குழம்பு தீய்ந்தால் சமையல்காரியைத் திட்டுவார்கள். சோறு வேகாவிட்டால் யாரையும் திட்டமாட்டார்கள், பயப்படுவார்கள். யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கீழத்தெரு மார்சினா கல்யாணத்தில் இப்படித்தான் சோறு வேகவில்லை. பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்தச் சோற்றைச் சொல்வார்கள், புருஷனுக்கு வேலை போனால் அந்தச் சோற்றைச் சொல்வார்கள். அவளும் பாவம், யார் வீட்டு விசேஷத்திலும் முன்வரிசையில் உட்காருவதில்லை. தன் மகளுக்கு அந்த நிலை வந்துவிடுமோ என்றுதான் ருமியாத்தி ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

எப்படிப்பட்ட சிநேகிதம் தெரியுமா அவர்களுடையது? சந்தையில் பதினோரு வருஷம் ஒரே மேஜை. ஜுமிரா பக்கம் சோறு, ருமியாத்தி பக்கம் கீரையும் வேர்க்கடலைச் சட்டினியும். வாழையிலையை இவள் விரிக்க அவள் சோற்றை வைக்க, பேச்சே இல்லாமல் நூறு பொட்டலம் முடிந்துவிடும். எதையெடுத்தாலும் அதில் ஒரு வைக்கோல் புரியைக் கட்டிவைப்பது ஜுமிராவின் பைத்தியம். உன் வைக்கோலைப் பாத்து ஒருநாள் கோழி வந்து கூடு கட்டப்போகுது என்று ருமியாத்தி கேலி செய்வாள். அந்த மேஜை இப்போது இரண்டு மேஜையாகி, சந்தையின் இரண்டு கோடியில் கிடக்கிறது.

வேலைக்கு வந்த கையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது வழக்கம். ருமியாத்தி எழுந்து, சிரிப்பை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டாள்.

"வாங்கக்கா. நீங்க வருவீங்கன்னு நெனக்கவே இல்ல."

ஜுமிரா அவளை ஒரு நொடி பார்த்தாள். பதினோரு வருஷமாக நீ, வா, போ என்று பேசிய வாயில் 'நீங்க' வந்திருந்தது.

"ஊரே வருது. நான் மட்டும் வரலன்னா அதுக்கும் ஒரு கதை கட்டுவீங்க," என்றாள் ஜுமிரா. "எங்க உக்காரட்டும்?"

அடுப்புகள் இருந்த பக்கத்துக்கு நேர் எதிர்க்கோடியில், வெங்காய மூட்டையடியில், ருமியாத்தி அவளை உட்கார வைத்தாள். அதற்கப்புறம் அவள் செய்த வேலையெல்லாம் ஒரே வேலைதான், ஜுமிராவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோழிக்குத் தேங்காய்ப்பால் பிழியச் சொல்லும்போதும், மாட்டுத்தோல் குழம்புக்கு மிளகாய் அளக்கும்போதும் கண் அங்கேயே இருந்தது. ஜுமிரா மூக்கைத் துடைத்தால் ஏன் துடைக்கிறாள் என்று யோசித்தாள். துடைக்காவிட்டால், வெங்காயம் உரிக்கிறவளுக்கு ஏன் மூக்கு ஒழுகவில்லை என்று யோசித்தாள்.

பக்கத்து வீட்டு வாகினெம் தெம்பே என்ற சோயாக் கட்டியைத் துண்டு போடும் சாக்கில் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். வாகினெமின் காதில் ஒரு சேதி விழுந்தால் ஊரில் தனியாக ஒலிபெருக்கி தேவையில்லை.

"வெங்காயத் தோலைக்கூட எண்ணி வாங்கு, ருமி. ஒண்ண மடியில முடிஞ்சுக்கிட்டுப் போனாப் போச்சு."

"சும்மா இருங்க மதினி. காதுல விழப்போகுது."

"விழட்டுமே. அவ சொன்னது நம்ம காதுல விழல?"

கல்யாணச் சோறு பொனிஜாவின் பொறுப்பு. சோற்று அடுப்பைப் பார்ப்பவள் என்றால் அந்தப் பகுதியில் லேசுப்பட்ட ஆள் இல்லை. மூன்று நாளாக உப்பில்லாத வெறும் சோறும் தண்ணீரும் மட்டும் சாப்பிட்டு விரதம் இருந்தாள். அடுப்பு மூலையில் வாழையிலையில் முட்டை, மிளகாய், பூ எல்லாம் வைத்திருந்தாள். இருபத்திரண்டு கல்யாணத்துக்குச் சோறாக்கியவள், ஒன்றில்கூடப் பேர் கெட்டதில்லை. வந்த அரிசியெல்லாம் சேரும் அறைக்குள் அவளும் வீட்டுக்காரியும் தவிர வேறு யாரும் கால் வைக்கக் கூடாது.

நடுப்பகல் தொழுகைக்கு முன்னால் பொனிஜா குளிக்கப் போனாள். ருமியாத்தி வாசல் பக்கம் பந்தல்காரனோடு மல்லுக்கு நின்றாள். பத்து நிமிஷம்தான். திரும்பி வந்தபோது வாகினெம் அவள் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அரிசி ரூமுக்குள்ள போயிட்டு வந்தா."

"யாரு?"

"வேற யாரு? எங்கண்ணால பாத்தேன். வர்றப்ப வாயில எதையோ மென்னுக்கிட்டு வந்தா. மந்திரத்த மெல்லுறாளா, மரவள்ளிக்கிழங்க மெல்லுறாளா, எனக்கென்ன தெரியும்?"

ருமியாத்தி ஓடினாள். அறைக் கதவைத் திறந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். காலையில் சுவரோரமாக ஒரே வரிசையில் நின்ற பதினோரு மூட்டைகளும் இப்போது இரண்டு கும்பலாகப் பிரிந்து நின்றன. ஒவ்வொரு மூட்டையின் கழுத்திலும் ஒரு வைக்கோல் புரி. ஆறு மூட்டையில் ஒரு முடிச்சு, ஐந்து மூட்டையில் இரண்டு முடிச்சு. தரையில், மென்று துப்பிய அரிசி அங்கங்கே வெள்ளையாகக் கிடந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ருமியாத்தி ஏழு மாதமாக அரண்டுபோயிருந்தாள். முடிச்சு என்றால் கட்டு, துப்பினால் சாபம், ஆறும் ஐந்தும் ஏதோ கணக்கு. அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

நேரே போய், இது என்னக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தொல்லை அங்கேயே தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. முகத்துக்கு நேரே கேட்பது அந்த ஊரில் அநாகரிகம். முதுகுக்குப் பின்னால் எத்தனை வருஷம் பேசினாலும் அதற்கு மட்டும் அந்தப் பெயர் கிடையாது. மரியாதையாக ஆளை வெளியே தள்ளுவதற்கு அங்கே வேறு வழி இருந்தது, ருமியாத்தி அதை எடுத்தாள்.

சமையல் வேலைக்கு வந்தவர்களுக்கு எல்லாம் முடிந்தபிறகு, கல்யாணத்தன்று சாயங்காலம், ஆளுக்கு ஒரு மூங்கில் பெட்டி கொடுத்தனுப்புவார்கள். சோறு, கோழி, குழம்பு, ஒரு துண்டு வெல்லப் பலகாரம் எல்லாம் அதில் இருக்கும். பெட்டியைக் கையில் வாங்கினால் உன் வேலை முடிந்தது, போய் வா என்று அர்த்தம். ருமியாத்தி மாதிரிக்காக வைத்திருந்த ஒரு பெட்டியில் அன்றைக்கு வெந்த பண்டங்களைப் போட்டு, சணல் கயிற்றால் கட்டி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெங்காய மூட்டையடிக்குப் போனாள்.

ஜுமிரா பெட்டியைப் பார்த்தாள். அவளைச் சுற்றியிருந்தவர்கள் வெங்காயத்தைப் பார்த்தார்கள்.

"இன்னும் வேல முடியலையே," என்றாள் ஜுமிரா.

"உங்களுக்கு முடிஞ்சுதுக்கா. களைச்சுப் போயிருப்பீங்க. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

"ருமி, அந்த மூட்டைங்கள—"

"அதெல்லாம் பொனிஜா பாத்துக்குவா." ருமியாத்தியின் சிரிப்பு நழுவவே இல்லை. "சிரமப்பட்டு வந்தீங்க, ரொம்ப சந்தோஷம்."

ஜுமிரா எழுந்து கையைக் கழுவினாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டாள். கொல்லை வாசல் வரைக்கும் நேராக நடந்து போனாள். கத்தி வெங்காயத் தோலுக்குள் கிடந்தது, அதை அவள் மறந்துவிட்டாள்.

பொனிஜாவிடம் எதையும் சொல்லக் கூடாது என்று ருமியாத்தி முடிவு செய்தாள். சூனியம் என்ற சொல் காதில் விழுந்தால் அவள் விரதத்தையும் அடுப்பையும் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். வாகினெமை மட்டும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினாள். பதினோரு புரியையும் அவிழ்த்துத் தகர டப்பாவில் போட்டு எரித்தார்கள்.

"எரிச்சா மட்டும் போதாது," என்றாள் வாகினெம். "எந்த மூட்டைய அவ கட்டுனாளோ, அந்த மூட்டை அந்த மூட்டையா இருக்கக் கூடாது. எல்லாத்தையும் கொட்டிக் கலந்துடு. கட்டுனது எதுன்னு மந்திரத்துக்கே தெரியாம போகணும்."

அதுவும் சரியாகத்தான் பட்டது ருமியாத்திக்கு. பெரிய பாயை விரித்துப் பதினோரு மூட்டையையும் கொட்டி, மரத்துடுப்பால் புரட்டிப் புரட்டிக் கலந்தார்கள். நாலு மூலையிலும் உப்பைத் தூவினார்கள். மறுபடி மூட்டைகளில் அள்ளிப் போட்டபோது இருவர் முதுகும் நனைந்திருந்தது. அன்றைக்கு ராத்திரி, ஒரு வாரத்துக்குப் பிறகு, ருமியாத்தி நிம்மதியாகத் தூங்கினாள்.

கல்யாணத்தன்று விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் பொனிஜா அடுப்பைப் பற்றவைத்தாள். செப்புப் பானையின் மேல் கூம்பு மூங்கில் கூடையை வைத்து அரிசியை அரைவேக்காடு வேகவிட்டு, தொட்டியில் கொட்டிக் கொதிநீர் ஊற்றிக் கிளறி, மறுபடியும் கூடையில் ஏற்றி ஆவி காட்டினாள். அவள் காலங்காலமாக ஆக்கும் முறைதான். மூடியைத் திறந்து ஒரு பருக்கையை வாயில் போட்டவள் அப்படியே நின்றாள்.

"ருமி. இங்க வா."

ருமியாத்தி எடுத்து வாயில் போட்டாள். பல்லில் ஒரு பருக்கை கஞ்சியாக நசுங்கியது, அடுத்தது மணலாகக் கடிபட்டது. பொனிஜா இன்னும் கொஞ்ச நேரம் ஆவி காட்டினாள். குழைந்தது களியாகிவிட்டது, கடித்தது இன்னும் கடித்தது. இரண்டாவது பானையிலும் அதே கதை. பொனிஜா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"யாரோ வச்சுட்டாங்க. இருவத்திரெண்டு கல்யாணம் ஆக்குனவ நான். என் கைக்கு இது வந்ததே இல்ல. வச்சுட்டாங்க."

மணி ஏழே கால். பத்து மணிக்கு மாப்பிள்ளை வீடு வரும். உள்ளறையில் ரெத்னோவின் நெற்றியில் மணப்பெண்ணுக்குரிய கறுப்பு மை எழுதிக்கொண்டிருந்தார்கள். ருமியாத்தியின் புருஷன் தார்னோ ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"கடைக்குப் போய் அரிசி வாங்கிட்டு வரவா?"

"கல்யாணத்தன்னைக்குக் காலைல, பெண் வீட்டுலேருந்து கடைக்கு அரிசிக்கு ஓடுனா அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? அதுவும் வாங்கி, களைஞ்சு, ரெண்டு தடவ ஆவி காட்டி எப்ப முடியும்?"

ருமியாத்தி அரிசி அறைக்குள் போய் ஒரு பெரிய கை அரிசியை அள்ளிக்கொண்டு வெயிலுக்கு வந்தாள். ஏதாவது இருக்கும் என்று தேடினாள். ஊசி, முடி, சுடுகாட்டு மண், ஏதாவது. விரலால் துழாவித் துழாவிப் பார்த்தாள். அரிசி மட்டும்தான் இருந்தது. ஆனால் வெயிலில் அந்த அரிசி ஒரே அரிசியாக இல்லை. ஒன்று பளபளப்பாக, பச்சை வாடை இன்னும் போகாமல், இரண்டு வாரத்துக்கு முன் கிழக்கு வயலில் அறுத்தது. இன்னொன்று மங்கிய மஞ்சள், இந்தப் போகம் வயலை எலி தின்றது போக அறுக்க ஒன்றுமில்லாத மேற்குப் பக்கத்துக்காரர்கள் கடையில் வாங்கிவந்த பழைய அரிசி. புதுசு கொஞ்சம் தண்ணீரிலேயே குழையும். பழசு எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். சோற்றோடு பிழைத்தவள், ருமியாத்திக்கு இது தெரியாத விஷயமா?

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. சந்தை மேஜைக்குக் கீழே எப்போதும் இரண்டு மூட்டை இருக்கும். ஜுமிரா ஒரு அரிசியை எடுத்துக் கடிப்பாள், மென்று துப்புவாள், பிறகு புரி கட்டுவாள். புதுசுக்கு ஒரு முடிச்சு, பழசுக்கு இரண்டு. பதினோரு வருஷம், தினம் காலையில், தன் கண்ணுக்கு நேரே. அதே முடிச்சைத்தான் நேற்று பார்த்து நடுங்கி, எரித்து, எல்லாவற்றையும் தன் கையாலேயே கலந்து வைத்தாள்.

யாரிடமும் சொல்லாமல் கல்யாணச் சேலைக்கு மேலே ஒரு பழைய துணியைப் போர்த்திக்கொண்டு ருமியாத்தி பின்சந்து வழியாக நடந்தாள். நடந்தாள் என்ன, ஓடினாள். ஜுமிரா வீட்டுக் கொல்லையில் மூன்று அடுப்பிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. வாழையிலை பரப்பிய நாலு பெரிய மூங்கில் கூடைகளில் சோறு ஆவி பறக்கக் குவிந்திருந்தது. வெள்ளையாக, பருக்கை பருக்கையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல். விக்யோ தன் மணல் லாரியின் பின்பலகையைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தான். சமையலறைத் தூணில் நேற்றைய பெட்டி கட்டு அவிழாமல் தொங்கியது.

ஜுமிரா நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் அடுப்புக்குக் குனிந்தாள்.

"எல்லா மூட்டையையும் கலந்துட்டியா?"

"ம்."

"கலந்துருப்பன்னு தெரியும். பயம் வந்தா நீ எதையாவது போட்டுக் கொட்டுவ. கடையிலயும் அப்படித்தான்."

"அக்கா, எதுக்கு நீ இதெல்லாம்..."

"உனக்காகன்னு நெனச்சுக்காத." ஜுமிரா அகப்பையைக் கூடை விளிம்பில் தட்டினாள். "கோவத்துல ஒரு வார்த்தைய விட்டுட்டேன். என் வாய் கொழுப்பு, ஒத்துக்குறேன். உன் வீட்டுச் சோறு வேகலன்னா அது யார் தலையில விடியும்? சூனியக்காரி மகன்னு சொல்லி எவன் என் பிள்ளைக்குப் பொண்ணு குடுப்பான்? நேத்து வந்ததே அதுக்குத்தான். எந்த அரிசி எதுன்னு பிரிச்சு வச்சுட்டா பொனிஜா ஒழுங்கா ஆக்கிடுவா, பேச்சு ஒழியும்னு பாத்தேன். நீ பெட்டியக் குடுத்த. சரின்னு என் அறுப்பு அரிசிய எடுத்து நானே ஆக்கிட்டேன். எடுத்துட்டுப் போ."

ருமியாத்தி கூடையைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு ஓடவேண்டியவள், ஒரு நொடி நின்றாள். ஒரே நொடி. இதில் ஏதாவது இருந்தால்? என் மகள் கல்யாணத்தில் ஊரே சாப்பிடப் போகிற சோறு. அந்த நினைப்பை அவள் வேண்டி வரவழைக்கவில்லை, ஏழு மாதம் வளர்த்த நாய் மாதிரி அது தானாக வந்து நின்றது. கை நீளவில்லை.

ஜுமிரா அதைப் பார்த்துவிட்டாள்.

முதல் கூடையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்தாள், வாயில் போட்டாள், மென்று விழுங்கினாள். இரண்டாவது கூடைக்கு நகர்ந்தாள். சுடுசோறு, கண்ணில் தண்ணீர் வந்தது, விழுங்கினாள். மூன்றாவது. நாலாவது கூடையில் அடியிலிருந்து கிளறி எடுத்துத் தின்றாள். லாரிக்குப் பக்கத்தில் விக்யோ வாளியைக் கையில் பிடித்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். ருமியாத்திக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"நிக்குறேனா? செத்து விழலையே?" என்றாள் ஜுமிரா. "இப்ப எடுத்துட்டுப் போ."

"அக்கா, நீயும் வா. வந்து முன்னாடி உக்காரு."

"பெட்டி வாங்குனவ திரும்பி வரக் கூடாது. அந்த வழக்கத்த நான் உண்டாக்கல."

விக்யோ கூடைகளை லாரியில் ஏற்றினான். "கொல்லைல எறக்கி வச்சுட்டுப் போயிடுவேன், சித்தி," என்றான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "வாசல் பக்கம் வரமாட்டேன்." பெண்களெல்லாம் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வாசலுக்குப் போயிருந்த நேரத்தில், பொனிஜா மட்டும் நின்று கூடைகளை இறக்கிக்கொண்டாள்.

பந்தியில் சோறு பரிமாறியபோது அதைப் பாராட்டாத ஆள் இல்லை. தேங்காய்ப்பால் கோழியையும் தேக்கிலை போட்டுச் சிவக்கவைத்த பலாப்பிஞ்சையும் விட்டுவிட்டுச் சோற்றைப் பேசினார்கள். மேடையில் கறுப்பு வெல்வெட்டும் மல்லிகைச் சரமுமாக ரெத்னோ உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பார்க்க ருமியாத்திக்குத் தெம்பு வந்தது. தேநீர்த் தட்டோடு பெண்கள் வரிசைக்குப் பின்னால் போகும்போதுதான் வாகினெமின் குரல் கேட்டது.

"என்ன நெனச்சுக்கிட்டீங்க? மூட்டை மூட்டைக்கு முடிச்சு. நானும் ருமியும்தான் எரிச்சோம். காலைல ரெண்டு பானை வேகவே இல்ல, பொனிஜா அழுதா. அவ கட்டுனது அப்பதான் அறுந்திருக்கும் போல. அதுக்கப்பறம் பாருங்க, சோறு பூ மாதிரி."

கேட்டவர்கள் மார்பில் கை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி, நான் அப்பவே சொன்னேன் என்றாள். ஜுமிராவின் சோற்றைத் தின்றுகொண்டே, அந்தச் சோற்றையே அவளுக்கு எதிரான சாட்சியாக ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

ருமியாத்தி தட்டோடு நின்றாள். வாயைத் திறக்காவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. ரெத்னோ நல்ல சோறு போட்ட கல்யாணத்துப் பெண், பொனிஜாவுக்கு இருபத்து மூன்றாவது கல்யாணம், எல்லோருக்கும் சுகம். ஜுமிரா மட்டும் சாகும்வரைக்கும் சூனியக்காரி. திறந்தால், பெண் வீட்டுச் சோறு வேகவில்லை என்பது சம்பந்தி காதிலேயே விழும்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா திரும்பினாள். "சம்பந்தி, சோறு ஆக்குனது யாரு? எங்க ஊருல இப்படி ஒரு கை கெடையாது."

எல்லோரும் பொனிஜாவைப் பார்த்தார்கள். பொனிஜா தரையைப் பார்த்தாள்.

"இது இந்த வீட்டு அடுப்புல வெந்த சோறு இல்லீங்க," என்றாள் ருமியாத்தி. "என் வீட்டுச் சோறு வேகல. பழைய அரிசியும் புது அரிசியும் நான்தான் கலந்தேன், புத்தி கெட்டுப்போய். எங்க ஜுமிரா அக்கா அவங்க வீட்டுல, அவங்க அரிசியில ஆக்கிக் குடுத்தாங்க. அவங்க முடிச்சுப் போட்டது அரிசியப் பிரிக்கத்தான். வேற எதுக்கும் இல்ல."

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. "அப்படியா," என்றாள். மேடையில் இருந்த பெண்ணை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சாப்பிட்டாள், ஆனால் இரண்டாவது தடவை சோறு வாங்கவில்லை. பின்வரிசையில் வாகினெம் பக்கத்தில் இருந்தவள் காதைக் கடித்தாள்: "பாத்தியா. கடைசில அவ ருமி வாயையே கட்டிட்டா."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ருமியாத்தி காதில் அது விழுந்தது. நேற்று வரைக்கும் தன் வாயில் இருந்த பேச்சுதான் அது.

சாயங்காலம் பந்தல் பாதி காலியானதும் வெங்காயத் தோல் குவியலில் ஜுமிராவின் கத்தியைத் தேடி எடுத்துக் கழுவி, துணியில் சுற்றிக்கொண்டு போனாள். ஜுமிரா கொல்லைப்படியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறு பத்துச்சா?"

"பத்துச்சு. மிச்சமும் இருக்கு." ருமியாத்தி கத்தியைப் படியில் வைத்தாள். "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்க்கா. சம்பந்தி முன்னாடியும் சொல்லிட்டேன்."

"நம்புனாங்களா?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தாள். "இல்ல."

ஜுமிரா தலையை ஆட்டினாள். "நீ?"

"நான் நம்புறேன்."

"ஆமா," என்றாள் ஜுமிரா. "நாலு வாய் நான் தின்னு காட்டுன பெறகு."

ருமியாத்தி அதே படியில் உட்கார்ந்தாள். அழுதாள். ஜுமிரா அவளைத் தேற்றவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கடைசிப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூணைக் காட்டினாள்.

"அந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போ. வேல முடிஞ்சவங்களுக்குத்தான பெட்டி. எல்லாருக்கும் குடுக்கறப்ப எனக்கும் குடுத்தனுப்பு. எல்லாரும் இருக்கறப்ப."

ருமியாத்தி பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு தெரு வழியாகவே திரும்பி வந்தாள். பின்சந்து வழியாகப் போகவில்லை. நேற்றைய பண்டங்களை வாழையடியில் கொட்டிவிட்டு, பெட்டியைக் கழுவித் துடைத்து, கோழியும் பலாவும் வெல்லப் பலகாரமும் புதிதாக வைத்தாள். சோறும் வைத்தாள், ஜுமிரா ஆக்கிய சோறுதான். முப்பது பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, வரிசையாக அடுக்கியிருந்த பெட்டிகளுக்கு நடுவில் அதையும் வைத்து, "இது ஜுமிரா அக்காவுக்கு," என்றாள்.

வாகினெம் மட்டும் குனிந்து, அதற்குப் பக்கத்தில் இருந்த தன் பெட்டியை எடுத்து வரிசையின் மறுகோடியில் வைத்தாள்.